போன் இருந்தது, விதி இல்லை

என் அம்மாவுக்குச் சுகர் வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் ஒரே மருத்துவரிடம்தான் காட்டுவார். அவருடைய செல்போன் எண் எங்கள் வீட்டு காலண்டரில் பேனாவால் எழுதியிருக்கும். ஆனாலும் போனில் மாத்திரை கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "நேர்ல கூட்டிட்டு வாங்க." 2020 ஏப்ரலில் அதே மருத்துவர் அம்மாவிடம் கால் மணி நேரம் போனில் பேசினார். குளுக்கோமீட்டரில் காலையில் என்ன காட்டியது என்று கேட்டார், காலில் புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் கையெழுத்துப் போட்ட சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சீட்டின் அடியில் அவருடைய பதிவு எண் பளிச்சென்று இருந்தது.

அதே போன், அதே மருத்துவர். இடையில் என்ன மாறியது? தொலைமருத்துவம் என்றதும் நம் நினைப்பு செயலி, கேமரா, இணைய வேகம் என்று போய்விடுகிறது. ஊரடங்கு நாட்களில் இந்திய மருத்துவர்களைப் போன் எடுத்துப் பேச வைத்தது எழுதி வைக்கப்பட்ட ஒரு விதிமுறை. அது எப்படி வேலை செய்தது, எங்கே போதாமல் போனது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த நோய்ப் பரவலுக்கு நாம் எதைத் தயார் செய்ய வேண்டும் என்பதும் தெரியும்.

பயம் எங்கிருந்து வந்தது

2020க்கு முன்பு, போனில் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமான சட்டம் ஏதும் இல்லை. பார்க்கலாம் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. மருந்து விதிகளோ, சீட்டு என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், மருத்துவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும் என்றன. வாட்ஸ்அப்பில் வரும் படம் அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்பதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் 2018இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு ஒன்று வந்தது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் சிசேரியன் முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண், உடல்நிலை மோசமாகி அதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். மருத்துவர்கள் ஊரில் இல்லை. போனில் அவர்கள் சொன்னபடி அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள். அவர் இறந்துபோனார். மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் தர நீதிமன்றம் மறுத்துவிட்டது. நோயைக் கண்டறியாமல் மருந்து எழுதுவது குற்றத்துக்குரிய அலட்சியம் என்றது.

அந்த வழக்கை நிதானமாகப் படித்தால், ஆபத்தில் இருந்த ஒருவரைப் பார்க்க மருத்துவரே இல்லாமல் விட்டதுதான் அங்கே பெரிய தவறு என்பது புரியும். ஆனால் மருத்துவர்கள் மத்தியில் பரவிய செய்தி இன்னும் சுருக்கமானது: போனில் மருந்து சொன்னால் வழக்கு வரும். தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவர் இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு "நேர்ல வாங்க" என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

தொலைமருத்துவம் நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கும் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ குழுமம் 2000ஆம் ஆண்டிலேயே ஒரு தொலைமருத்துவ மையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக மருத்துவமனைகளை இணைக்கும் முயற்சியில் இறங்கியது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்பு அமைத்துக் கொடுத்தார்கள். மையத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துக் குறிப்பும் படமும் அனுப்புவார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியிடம் பேசுவார்.

இவையெல்லாம் பயமில்லாமல் நடந்ததற்குக் காரணம் உண்டு. நோயாளியின் பக்கத்தில் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். பின்னால் ஒரு நிறுவனம் பொறுப்பேற்றுக்கொண்டு நின்றது. ஊர்ப்பக்கத்து ஒற்றை மருத்துவருக்கு இரண்டும் இல்லை.

மார்ச் 25

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் ஊரடங்கை அறிவித்தார். நள்ளிரவில் அது அமலுக்கு வந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. பெரும்பாலான கிளினிக்குகள் கதவைச் சாத்தின. பெரிய மருத்துவமனைகள் ஓபியைக் குறைத்தன. கொரோனா வந்தவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வலிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் சீட்டு வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள், அவர்களுக்குப் போக்கிடம் தெரியவில்லை.

மறுநாளே, மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள் வெளிவந்தன. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக அப்போது பொறுப்பில் இருந்த நிர்வாகக் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து இதைத் தயாரித்திருந்தது. வெறும் அறிவுரையாக இதை விடாமல், மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்துக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஐந்தாவது பின்னிணைப்பாகச் சேர்த்தார்கள். அந்த ஒழுங்குமுறைகளை வைத்துத்தான் மருத்துவக் கவுன்சில்கள் ஒரு மருத்துவர்மேல் நடவடிக்கை எடுக்கும். அதே புத்தகத்துக்குள் போன் வைத்தியமும் வந்துவிட்டது என்றால், அதில் சொன்னபடி நடந்த மருத்துவர் தன் பக்கத்தை நிரூபிக்கக் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஆவணத்தின் நடை எனக்குப் பிடித்திருந்தது. மருத்துவருக்கு மனதில் எழக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறது. வீடியோவில்தான் பார்க்க வேண்டுமா? தேவையில்லை, வீடியோ, குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதுவும் ஆகலாம், எது போதும் என்பதை மருத்துவரே முடிவு செய்யலாம். தனிச் செயலி வாங்க வேண்டுமா? சாதாரண போனும் வாட்ஸ்அப்பும் போதும். நோயாளியின் சம்மதத்தை எப்படிப் பெறுவது? நோயாளியே கூப்பிட்டால் சம்மதித்தார் என்றே கொள்ளலாம். மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ கூப்பிட்டால் வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் வாங்கலாமா? நேரில் பார்ப்பதைப் போலவே வாங்கலாம், ரசீது கொடுக்க வேண்டும். குறிப்புகளை எவ்வளவு நாள் வைத்திருப்பது? அவ்வப்போது விதிக்கப்படும் காலம் வரை. வேறு மாநிலத்து நோயாளியைப் பார்க்கலாமா? பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவின் எந்த மூலையில் இருப்பவரையும் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட மருந்துப் பட்டியல்தான் இதன் நடுத்தூண். மருந்துகளை நான்காகப் பிரித்தார்கள். 'ஓ' பட்டியலில் பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவை. எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். நோய்ப் பரவல் காலத்துக்குத் தேவை என்று அரசு அவ்வப்போது அறிவிக்கும் மருந்துகளையும் இதில் சேர்க்க இடம் விட்டார்கள். 'ஏ' பட்டியல் மருந்துகளை முதல் தடவை பார்ப்பவருக்கு எழுத வேண்டுமானால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். தோல் களிம்பு, கண் சொட்டு மருந்து போன்றவை இதில் வரும். ஏற்கனவே நேரில் காட்டியவர்களுக்கு அதே மாத்திரையைத் திரும்ப எழுதித் தருவதும் இதில்தான்: சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு எனலாபிரில். 'பி' பட்டியல், பழைய நோயாளிக்குப் பழைய மருந்தோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு. அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் பழைய நோயாளி என்ற கணக்கு. நான்காவது தடைப் பட்டியல். போதை மருந்துச் சட்டத்தில் வருபவையும் மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாட்டுக்குரிய எக்ஸ் அட்டவணையில் வருபவையும் எந்த வழியிலும் எழுதக் கூடாது.

என் அம்மாவின் மருத்துவருக்குத் தைரியம் கொடுத்தது இந்த 'ஏ' பட்டியல்தான் என்று நினைக்கிறேன். முன்பு ஒட்டுமொத்தமாக ஒரு பயம் இருந்தது. பட்டியல் வந்ததும் அந்தப் பயம் துண்டு துண்டாகப் பிரிந்தது. இதை எழுதலாம், இதை வீடியோவில் பார்த்தால் எழுதலாம், இதைத் தொடவே கூடாது. எல்லை தெரிந்தவருக்குத்தான் எல்லைக்குள் தயங்காமல் நடக்க முடியும்.

நோயாளியைக் காக்கும் வரிகளும் உண்டு. நோயாளி நேரில் வரத் தயாராக இருக்கும்போது போனில்தான் பார்ப்பேன் என்று மருத்துவர் வற்புறுத்தக் கூடாது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், தானாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. அவசர நிலை என்று தெரிந்தால் முதலுதவி சொல்லி, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

சீட்டு வந்தால் மாத்திரை வருமா

மருத்துவர் எழுதிவிட்டார், சரி. மெடிக்கல் ஷாப்காரர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை மறந்திருந்தால் மேலே சொன்ன அத்தனையும் வீணாகியிருக்கும். மார்ச் 26 அன்றே மத்திய சுகாதார அமைச்சகம் இன்னோர் அறிவிக்கை வெளியிட்டது. உரிமம் பெற்ற கடைக்காரர்கள் மின்னஞ்சலில் வரும் சீட்டை ஏற்று, தங்கள் மாவட்டத்துக்குள் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றது. நாள்பட்ட நோய்க்கான சீட்டு என்றால் எழுதிய 30 நாளுக்குள் வர வேண்டும், திடீர் நோய்க்கு என்றால் 7 நாளுக்குள். போதை தரும் மருந்துகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

இலங்கையில் ஊரடங்குச் சட்டம் இருந்த அதே 2020 வசந்த காலத்தில், அரசு மருத்துவமனை கிளினிக் நோயாளிகளுக்கான மருந்தைத் தபால்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தபால்காரருக்கு எல்லா வீடும் தெரியும் என்பதை ஒரு மருத்துவ வசதியாகவே மாற்றிக்கொண்டார்கள். இதை நம் ஊரிலும் யோசித்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

அரசே நடத்திய ஓபி

மொஹாலியில் இருக்கும் சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி நிறுவனம் உருவாக்கிய இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவ மென்பொருள், 2019 நவம்பரிலேயே ஒரு வடிவத்தில் ஓடத் தொடங்கியிருந்தது. அப்போது அது சுகாதார மையத்தில் இருப்பவரைப் பெரிய மருத்துவமனை மருத்துவரோடு இணைக்க மட்டும் பயன்பட்டது. 2020 ஏப்ரல் 13 அன்று நோயாளியே வீட்டிலிருந்து பேசும்படி இ-சஞ்சீவனி ஓபி வந்தது. செல்போன் எண்ணைப் பதிந்தால் டோக்கன் வரும். முறை வந்ததும் மருத்துவர் திரையில் வருவார். பேசி முடித்ததும் சீட்டு வரும். கட்டணம் இல்லை.

மென்பொருள் மத்திய அரசுடையது, மருத்துவர்கள் மாநில அரசுடையவர்கள். அதனால் எந்த மாநிலம் தன் மருத்துவர்களை முறை வைத்து உட்கார வைத்ததோ அங்கேதான் அது ஓடியது. தமிழ்நாடு முன்னால் நின்றது. 2020 ஆகஸ்டில் நாடு முழுவதும் 2 லட்சம் ஆலோசனைகள் நிறைந்தபோது, அவற்றில் 56,000க்கும் மேல் தமிழ்நாட்டில் நடந்தவை. ஆரம்ப சுகாதார நிலையங்களும் அரசு மருத்துவர்களும் ஏற்கனவே இருந்த மாநிலம் என்பதால்தான் இது முடிந்தது. ஆள் இல்லாத ஊரில் மென்பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2023 பிப்ரவரியில் இ-சஞ்சீவனி 10 கோடி ஆலோசனைகளைக் கடந்தது. இந்த எண்ணுக்குள் இருக்கும் ஒரு விஷயம் எனக்கு எண்ணைவிட முக்கியமாகப் படுகிறது. அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வந்தவை இல்லை. சுகாதார மையத்துக்கு நடந்து வந்து, அங்கிருக்கும் பணியாளர் மூலம் தொலைவில் இருக்கும் மருத்துவரிடம் பேசியவை. தேனியில் பார்த்த அதே அமைப்பு. நடுவில் ஒரு மனிதர்.

அமெரிக்காவில் பயம் வேறு மாதிரி

இந்திய மருத்துவருக்கு வழக்குப் பயம் என்றால், அமெரிக்க மருத்துவருக்கு வேறு இரண்டு முட்டுக்கட்டைகள். ஒன்று, நோயாளியின் தகவலைக் காக்கும் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம். அந்தச் சட்டம் கேட்கும் பாதுகாப்பு இல்லாத சாதாரண வீடியோ செயலியில் நோயாளியிடம் பேசினால் அபராதம் வரலாம். 2020 மார்ச் 17 அன்று அமெரிக்க சுகாதாரத் துறையின் குடிமை உரிமை அலுவலகம் ஒரு வாக்குறுதி கொடுத்தது: நல்லெண்ணத்தோடு தொலைமருத்துவம் பார்ப்பவர்மேல் இப்போதைக்கு அபராதம் போடமாட்டோம். ஃபேஸ்டைம், ஜூம், ஸ்கைப் எல்லாம் பரவாயில்லை. ஃபேஸ்புக் லைவ், டிக்டாக் மாதிரி ஊரே பார்க்கும் இடங்கள் மட்டும் கூடாது.

இரண்டாவது, பணம். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, பெரும்பாலும் கிராமப்புற நோயாளி ஒரு மருத்துவ நிலையத்துக்கு வந்து அங்கிருந்து பேசினால்தான் தொலைமருத்துவத்துக்குக் காசு கொடுத்துவந்தது. வீட்டில் இருந்தபடி பேசினால் கிடையாது. நெருக்கடி வந்ததும் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள், நேரில் பார்ப்பதற்கு ஈடான தொகையும் கொடுத்தார்கள். 2019இல் சுமார் 8.4 லட்சமாக இருந்த மெடிகேர் தொலை ஆலோசனைகள் 2020இல் 5.27 கோடி ஆயின. ஒரே ஆண்டில் அறுபது மடங்குக்கு மேல்.

ஆனால் அமெரிக்கா கொடுத்தது தற்காலிகத் தளர்வு. பொது சுகாதார அவசரநிலை 2023 மே 11 அன்று முடிந்தது. ஹிப்பா சலுகைக்கு இன்னும் 90 நாள் தவணை கொடுத்து ஆகஸ்டில் முடித்துவிட்டார்கள். மெடிகேர் சலுகைகளை நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப நீட்டிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கெடு நெருங்கும்போதும் நோயாளிகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மருத்துவமனைகள் தவிக்க நேர்ந்தது. இந்தியா எழுதியது நிரந்தர விதி. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய தொழில் ஒழுக்க விதிகளைக் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தபோது, 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. இந்த விஷயத்தில் நாம் செய்தது சரி என்றே சொல்வேன்.

போன் எட்டாத இடங்கள்

தொற்று நேரத்தில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைப் போனில் கண்காணித்தபோது ஒரு பாடம் கிடைத்தது. மூச்சுத் திணறலே இல்லாமல் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும் நோயாளிகள் இருந்தார்கள். குரலை வைத்து எந்த மருத்துவராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்த வீட்டில் 94க்குக் கீழே போனதும் சொல்ல முடிந்தது, இல்லாத வீட்டில் முடியவில்லை. மருத்துவருக்கு விதியைக் கொடுத்தால் மட்டும் போதாது, நோயாளி பக்கத்தில் ஓர் எண்ணைச் சொல்ல ஏதாவது கருவி வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு கை வேண்டும்.

மனநல சிகிச்சையில் சிக்கல் வேறு. பேச்சுதான் சிகிச்சையின் பெரும்பகுதி என்பதால் போன் அதற்கு மிகவும் பொருந்தும். பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், 2020லேயே தொலை மனநல சிகிச்சைக்குத் தனி வழிகாட்டுதல் தயாரித்தது. 2022 அக்டோபர் 10 அன்று 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி-மானஸ் தொடங்கியதற்கும் நெருக்கடிக் கால அனுபவம் ஒரு காரணம். ஆனால் மனநலத்துக்குக் கொடுக்கும் மருந்துகள் சில தடைப் பட்டியலில் வரும் வகையைச் சேர்ந்தவை. தடைக்கு நியாயம் இருக்கிறது, தவறாகப் பயன்படும் மருந்துகள் அவை. ஆண்டுக்கணக்கில் அதையே சாப்பிட்டு நிலையாக இருந்தவர் திடீரென்று நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் நியாயமான கேள்விதான்.

அப்புறம் வீடு. நம் வீடுகளில் போன் பெரும்பாலும் ஒருவருடையது, கேட்பவர்கள் நான்கு பேர். வெள்ளைப்படுதல் பற்றியோ கணவன் அடித்தது பற்றியோ ஒரு பெண், கூடத்தில் உட்கார்ந்து மாமியார் காதுபட மருத்துவரிடம் சொல்வாரா? தகவல் பாதுகாப்பு என்றால் நாம் சர்வர், கடவுச்சொல் என்று பேசுகிறோம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது, நல்லதுதான். அந்தப் பெண்ணுக்குத் தேவை கதவு சாத்திய ஓர் அறை. துணை சுகாதார நிலையத்தில் அந்த அறை இருக்கிறது. செவிலியர் பிரஷர் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு, டேப்லெட்டை நோயாளி கையில் கொடுத்து வெளியே போய் நிற்கலாம்.

இதனால்தான், மருத்துவர்களுக்கு உதவி என்று அடுத்த முறை திட்டம் போடுபவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். 2020 வழிகாட்டுதலிலேயே சுகாதாரப் பணியாளர் நோயாளியை மருத்துவரோடு இணைக்கும் சூழலுக்குத் தனிப் பகுதி உண்டு. அந்தப் பணியாளருக்கு நல்ல கருவி, பயிற்சி, இந்த வேலைக்கென்று ஒதுக்கிய நேரம் மூன்றும் வேண்டும். ஏற்கனவே தடுப்பூசி, கர்ப்பிணி கவனிப்பு, கணக்கெடுப்பு என்று ஓடுபவர் தலையில் இதையும் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லா நெருக்கடியும் நோயாக வருவதில்லை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல இடங்களில் மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. நான் இவ்வளவு நேரம் பேசிய விதிகள் அத்தனையும் அன்று நடைமுறையில் இருந்தன, அழைப்புதான் போகவில்லை. துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு சோலார் பலகை, கோபுரம் விழுந்தாலும் வேலை செய்யும் ஒரு செயற்கைக்கோள் இணைப்பு, எந்த வீட்டில் யாருக்கு இன்சுலின், யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இது ஒன்பதாம் மாதம் என்று செவிலியர் கைப்பட எழுதி வைத்த ஒரு நோட்டு: மாவட்டப் பேரிடர் திட்டத்தில் தொலைமருத்துவம் என்ற தலைப்பின் கீழ் முதலில் வர வேண்டியவை இவைதான்.